எம்51: அந்தக் கையை இழுத்தது யார்?

ஜன்னலோரம் (இழையைத் தொடங்கியவர்)
ஏப்ரல் 14, இரவு 11:40

போன சனிக்கிழமை ஜவ்வாது மலைப் பக்கம் நண்பர்களோடு போயிருந்தேன். 8 அங்குலத் தொலைநோக்கி. சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனியில் இருக்கும் மரீசியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் எம்51, அதாவது ஒரு பெரிய சுழல் கேலக்ஸியும் (நட்சத்திரங்களின் பெருங்கூட்டம்) பக்கத்தில் அதன் சின்னத் துணை கேலக்ஸியும். கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு பஞ்சுத் துணுக்கு, ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அரை மணி நேரம் இருட்டில் கண் பழகின பிறகு பெரிசில் ஏதோ சுழி இருக்கிற மாதிரி ஒரு பிரமை. நிஜமா, படம் பார்த்துப் பழகின மூளை போட்ட கோலமா, தெரியாது.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தேன். பெரியதன் ஒரு கை நீண்டு போய் சிறியதைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. "சின்னது வந்து மோதிச்சு, கை பிஞ்சு வந்துடுச்சு" என்றார் கூட வந்தவர். எனக்கு அது ஒட்டவில்லை. மோதினால் நசுங்கத்தானே வேண்டும்? இப்படி அழகாக நீள்வது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணிதம் வந்தாலும் பரவாயில்லை, மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 15, காலை 6:55

உங்கள் பிரமையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எம்51-ஐ பிரெஞ்சு வானியலாளர் மெசியே 1773-ல் பார்த்தார், துணையை இன்னொரு பிரெஞ்சு வானியலாளர் மெஷைன் 1781-ல் பார்த்தார், இரண்டு பேருக்கும் சுழி தெரியவில்லை. அயர்லாந்தின் பர் கோட்டையில் ராஸ் பிரபு 72 அங்குல ஆடி வைத்துக் கட்டிய ராட்சதத் தொலைநோக்கியில்தான் 1845-ல் முதன்முதலில் சுழி தெரிந்தது. அவர் கையால் வரைந்த படத்திலேயே அந்தக் கை துணையை நோக்கிப் போகிறது. நம் பால்வீதிக்கு வெளியே வேறு கேலக்ஸிகள் இருப்பது உறுதியாகத் தெரியாத காலம் அது.

"மோதல்" என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. சூரியனை ஒரு கடுகு என்று வைத்துக்கொள்ளுங்கள், 2 மில்லிமீட்டர். அது சென்னையில் இருந்தால், பக்கத்து நட்சத்திரமான பிராக்சிமா கிட்டத்தட்ட செங்கல்பட்டில். நடுவில் ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட இரண்டு கடுகுக் கூட்டங்கள் ஒன்றின் வழியே ஒன்று நுழைந்து வெளியே வந்தாலும் கடுகோடு கடுகு இடிக்க வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆனால் கேலக்ஸிகளுக்கு இடையே கணக்கு வேறு. நம் பால்வீதியின் தட்டு சுமார் 1 லட்சம் ஒளியாண்டு அகலம், ஆண்ட்ரோமெடா 25 லட்சம் ஒளியாண்டு தூரம். பால்வீதி ஒரு தோசை என்றால் ஆண்ட்ரோமெடா அதே ஓட்டலில் சில மேசை தள்ளி இருக்கிற இன்னொரு தோசை. நட்சத்திரங்கள் தனித்தனியாக வாழ்கின்றன, கேலக்ஸிகள் நெரிசலில் வாழ்கின்றன. அதனால் கேலக்ஸிகள் சந்திப்பது சகஜம், நட்சத்திரங்கள் மோதுவது அபூர்வம்.

அப்படியானால் உருவம் மாறுவது எதனால்? ஓதத்தால். நிலா கடலுக்குச் செய்வதைத்தான் ஒரு கேலக்ஸி இன்னொன்றுக்குச் செய்கிறது.

கரவெட்டியான்
ஏப்ரல் 15, காலை 9:10

வணக்கம். ஓதம் எண்டு நீங்கள் சொல்லுறதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் வற்றுப்பெருக்கு எண்டு படிச்சனாங்கள். எங்கட கரையில அது ஒரு மீற்றர் கூட ஏறாது, அதால பெரிய மரியாதை இல்லை.

எனக்கு நெடுகக் குழப்பமான இடம் ஒண்டு. நிலா இருக்கிற பக்கம் தண்ணி ஏறுது, சரி. மற்றப் பக்கமும் ஏறுதே, ஏன்? உங்கட எம்51 கதையிலும் துணை இருக்கிற பக்கம் ஒரு கை நீண்டது விளங்குது. ஆனா அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் ஒரு கை இருக்கு. அதை இழுத்தது ஆர்?

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 15, மாலை 7:30

கேள்வி கேட்டால் இப்படிக் கேட்க வேண்டும். என் மாணவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்காமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கத்தை யாரும் இழுக்கவில்லை. மற்றதை எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அது பின்தங்கிவிட்டது. துணைக்குக் கிட்டே இருக்கிற விளிம்பு அதிகமாக இழுபடுகிறது, மையம் நடுத்தரமாக, தூர விளிம்பு குறைவாக. மையத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு முன் விளிம்பு முன்னே ஓடுகிறது, பின் விளிம்பு பின்னே ஓடுகிறது. அதனால் எப்போதும் இரட்டை: துணையை நோக்கி ஒரு பாலம், எதிர்த்திசையில் ஒரு வால்.

இன்னொன்று. ஈர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், ஓத விசை கனத்துக்கு ஏற்பக் குறையும். தூரம் பாதியானால் ஈர்ப்பு 4 மடங்கு, ஓதம் 8 மடங்கு. அதனால்தான் கதை முழுவதும் மிகக் கிட்டே வரும் அந்தக் கொஞ்ச காலத்திலேயே முடிந்துவிடுகிறது. மற்ற நேரமெல்லாம் அந்த ஒரு தள்ளலின் விளைவு மெல்ல விரிந்துகொண்டே போவதுதான்.

சந்தேகப்பிராணி
ஏப்ரல் 16, காலை 10:05

நல்லா இருக்கு. ஆனா ஒரு சங்கடம். இந்தச் சந்திப்பு நடக்க எத்தனை கோடி வருஷம்? சூரியன் பால்வீதியை ஒரு சுற்று வரவே 22, 23 கோடி வருஷம் ஆகுது. மனுஷன் பார்த்தது ஒவ்வொரு கேலக்ஸிக்கும் ஒரே ஒரு போட்டோ. கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தைப் பார்த்துட்டு மாப்பிள்ளை எந்த ஊர் வழியா வந்தார்னு சொல்ற மாதிரி இருக்கு.

இதை நான் மட்டும் சொல்லலை. சோவியத் வானியலாளர் வொரொன்த்சொவ்-வெல்யாமினொவ் 1959-ல் இந்த மாதிரி விசித்திர ஜோடிகளுக்குன்னே ஒரு அட்லஸ் போட்டார், அவரே இதெல்லாம் ஓதத்தால் வந்ததுன்னு ஏத்துக்கலை. ஹால்டன் ஆர்ப் 1966-ல் பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த படங்களோட 338 விசித்திரங்களைத் தொகுத்தார். அவரும் கேலக்ஸி தன் வயித்திலிருந்து எதையோ வெளியே துப்புதுன்னுதான் யோசிச்சார். படத்தை எடுத்தவங்களே நம்பாததை நாம ஏன் நம்பணும்?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்
ஏப்ரல் 16, பிற்பகல் 3:20

எனக்கு வானியல் தெரியாது. 34 வருஷம் மின்சார வேலை. ஆனா இந்த விஷயத்தில் ஒரு பல்பு கதை இருக்கு, அதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

1941. சுவீடனில் லுண்ட் என்ற ஊர். எரிக் ஹோல்ம்பெர்க் என்பவருக்கு இரண்டு கேலக்ஸி கிட்டே வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடணும். கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு துண்டின் மேலும் மற்ற எல்லாத் துண்டும் இழுக்கிற இழுப்பைக் கையால் கூட்டினால் ஆயுசு போதாது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஈர்ப்பும் தூரத்தின் வர்க்கத்தில் குறையுது, வெளிச்சமும் தூரத்தின் வர்க்கத்தில் குறையுது. அப்போ எடைக்குப் பதிலா பல்பு! ஒரு கேலக்ஸிக்கு 37 பல்பு, இன்னொன்றுக்கு 37, மொத்தம் 74. தட்டையாப் பரப்பி எரியவிட்டார். ஒரு பல்பை எடுத்துட்டு அந்த இடத்தில் போட்டோசெல் வைத்து, கால்வனாமீட்டரில் (சின்ன மின்னோட்டத்தை அளக்கிற கருவி) எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வெளிச்சம் என்று அளந்தார். அதுதான் அந்த இடத்தில் ஈர்ப்பு. அதன்படி எல்லா பல்பையும் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி அளந்து, மறுபடி நகர்த்தி...

எத்தனை ராத்திரி அந்த மனுஷன் அந்த அறையில் கால்வனாமீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தால் எனக்கே முதுகு வலிக்குது. முடிவில் தட்டுகள் உருக்குலைந்து சுழிக்கை மாதிரி கிளம்பினதைப் பார்த்தார். இரண்டும் வேகம் இழந்து ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கு என்றும் எழுதினார். சந்தேகப்பிராணி தம்பி, போட்டோ ஒன்றுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த போட்டோ எப்படி வந்திருக்கும் என்று செய்து பார்க்க முடியும் என்பதை இவர் பல்பிலேயே காட்டிட்டார்.

கோடெழுதி
ஏப்ரல் 17, இரவு 1:15

ஓவர்சியர் ஐயா, உங்க பதிவைப் படிச்சுட்டுத் தூக்கம் வரலை. அதனால செஞ்சு பார்த்துட்டேன். பைத்தானில் ஒரு 80 வரி.

நான் பின்பற்றியது ஆலார் டூம்ரே, யூரி டூம்ரே சகோதரர்களோட 1972 கட்டுரை. எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்கா போனவங்க. அவங்க பண்ணின எளிமையாக்கல்தான் அழகு: எடை முழுசும் இரண்டு மையத்தில் மட்டும். சுத்தி இருக்கிற நட்சத்திரங்களுக்கு எடையே இல்லை, வளையம் வளையமா அடுக்கின வெறும் புள்ளிகள். அதனால ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு இழுப்பு மட்டும் கணக்குப் போட்டால் போதும். நூத்துச் சொச்சம் புள்ளி. அந்தக் காலத்துப் பெரிய கம்ப்யூட்டர் செஞ்ச வேலையை என் பழைய லேப்டாப் டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுது.

முதல் ஓட்டம்: எல்லாப் புள்ளியும் தீபாவளி ராக்கெட் மாதிரி திசைக்கொன்னா பறந்துடுச்சு. பெரிய கண்டுபிடிப்புன்னு அஞ்சு நிமிஷம் குதிச்சேன். காலப் படி, அதாவது ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் நடுவுல விடுற நேரம், ரொம்பப் பெரிசு, புள்ளி மையத்துக்குக் கிட்ட போறப்ப கணக்கு தறிகெட்டுப் போயிருக்கு. படியைச் சின்னதாக்கி, தவளைத்தாவல் முறைக்கு (இடத்தையும் வேகத்தையும் மாத்தி மாத்திக் கணக்குப் போடுறது) மாத்தின பிறகு சரியாச்சு.

அப்புறம் நடந்ததுதான் சொல்ல வந்தது. துணை கடந்து போற திசையும் தட்டு சுத்துற திசையும் ஒண்ணா இருந்தா: பாலம், எதிர்ப்பக்கம் நீள வால், அப்படியே எம்51. எல்லாம் அப்படியே வச்சுட்டு, தட்டைச் சுத்துற திசையை மட்டும் திருப்பிப் போட்டேன். ஒரு மைனஸ் குறி, அவ்வளவுதான். தட்டு லேசா நெளிஞ்சுது. வால் இல்லை, பாலம் இல்லை. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு மூணு தடவை ஓட்டினேன். அதேதான்.

ஏன்?

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 17, காலை 6:40

தம்பி, ஒரு மணிக்கு முழித்திருப்பதற்குத் திட்ட வேண்டும், ஆனால் இன்றைக்கு விட்டுவிடுகிறேன்.

ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு பஸ் ஒரே திசையில் ஒரே வேகத்தில் பக்கம் பக்கமாகப் போனால் ஜன்னல் வழியே டிபன் பாக்ஸையே மாற்றிக்கொள்ளலாம். எதிரே வருகிற பஸ்ஸில் இருப்பவருக்குக் கை காட்டக்கூட நேரம் கிடைக்காது. அதுதான் விஷயம். துணை கடந்து போகிற கோண வேகமும் ஓரத்து நட்சத்திரம் சுற்றுகிற கோண வேகமும் ஒத்துப் போனால், அந்த நட்சத்திரம் நீண்ட நேரம் துணையின் பக்கத்திலேயே இருக்கிறது. இழுப்பு ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகிறது. எதிர்ச்சுற்றில் ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி, கூட்டினால் ஏறக்குறையப் பூஜ்யம்.

இதில் வொரொன்த்சொவ்-வெல்யாமினொவ் போன்றவர்களின் தயக்கத்துக்கும் பதில் இருக்கிறது. ஓதம் என்றால் மாவைப் பிடித்து இழுத்தது போல அகலமாகத்தான் வீங்க வேண்டும், நூல் போல மெல்லிய வால் எப்படி வரும் என்பதுதான் அன்றைக்குப் பலரின் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம். ஆனால் சுழல் கேலக்ஸியின் தட்டு மாவு இல்லை. அதில் எல்லா நட்சத்திரமும் கிட்டத்தட்ட ஒரே தளத்தில், கிட்டத்தட்ட வட்டமாக, ஒழுங்காகச் சுற்றுகின்றன. ஒழுங்கான அணிவகுப்பைத் தட்டிவிட்டால் கலைவதிலும் ஒழுங்கு இருக்கும். வால் மெல்லியதாக வருவது தட்டு அவ்வளவு ஒழுங்காக இருந்ததன் அடையாளம். நீள்வட்ட கேலக்ஸியில் நட்சத்திரங்கள் கண்ட திசையில் திரிகின்றன. அதிலிருந்து இப்படி வால் இழுக்க முடியாது.

சந்தேகப்பிராணி
ஏப்ரல் 17, பிற்பகல் 12:30

மைனஸ் குறி விஷயம் நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனாலும் ஒரு மாடல் பொருந்திடுச்சுன்னா அதுதான் நடந்ததுன்னு ஆயிடுமா? எம்51-க்கே துணை ஒரு தடவை கடந்து போனதுன்னு வச்சும் படம் வருது, இரண்டு தடவை வந்துட்டுப் போனதுன்னு வச்சும் படம் வருது. இரண்டு கதையும் உண்மையா இருக்க முடியாதே.

அப்புறம், வானத்தில் பக்கத்தில் தெரியறதெல்லாம் பக்கத்தில் இருக்கிறதும் இல்லை. ஸ்டெஃபான் ஐவர்னு அஞ்சு கேலக்ஸி, 1877-லேர்ந்து தெரியும், அஞ்சு பேரும் கூடி நிக்கற மாதிரி படம். அதில் ஒருத்தர், என்ஜிசி 7320, சுமார் 4 கோடி ஒளியாண்டில் நம்ம பக்கம் நிக்கறார். மத்தவங்க 29 கோடியில். குரூப் போட்டோவில் குறுக்கே நடந்துபோன ஆள்.

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 17, இரவு 9:15

குறுக்கே நடந்துபோன ஆள்! இதை நாளைக்கு வகுப்பில் சொல்லப்போகிறேன், அனுமதி கேட்கவில்லை.

ஆனால் அந்த வாதத்தை நீங்களே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். என்ஜிசி 3314 என்று ஹைட்ரா நட்சத்திர மண்டலத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டு சுழல்கள், ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் படிந்து தெரிகின்றன. பார்த்தால் எம்51-ஐ விட மோசமான மோதல் என்றுதான் தோன்றும். உண்மையில் ஒன்று 11.7 கோடி ஒளியாண்டில், மற்றது 14 கோடியில். ஒன்றை ஒன்று தொடவே இல்லை. அதில் வாலும் இல்லை, பாலமும் இல்லை! வெறும் மேற்படிவில் உருவம் கலைவதில்லை. உருவம் கலைந்தவற்றில் துணையின் தூரமும் ஒத்துப் போகிறது.

அடுத்து, உருவம் மட்டும் சாட்சி இல்லை. வாலின் ஒவ்வொரு இடமும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று நிறமாலையில் அளக்கலாம். கும்ப ராசியில் என்ஜிசி 7252 என்று ஒரு முழுதாக ஒன்றிணைந்த கேலக்ஸி, சுமார் 22 கோடி ஒளியாண்டு தூரம், இரண்டு வால்கள். வாலின் அடிப்பகுதியில் இருக்கிற வாயு திரும்ப உள்ளே விழுந்துகொண்டிருக்கிறது என்பதை அதன் வேகங்களே காட்டுகின்றன, மாடலும் அதையே சொல்கிறது. எறிந்த பந்து திரும்பி வருகிற மாதிரிதான். உடம்புப் பகுதியின் வெளிச்சப் பரவல் நீள்வட்ட கேலக்ஸியின் பரவலோடு ஒத்துப் போகிறது. ஃபிரான்சுவா ஷ்வைட்சர் 1982-ல் காட்டினார். இரண்டு தட்டுகள் சேர்ந்தால் ஒரு நீள்வட்டம் பிறக்கலாம் என்று ஆலார் டூம்ரே 1977-ல் சொன்னதற்கு இது கண்முன் நிற்கிற சாட்சி.

சந்திப்பின் தடம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். எம்81, எம்82 இரண்டும் 1.2 கோடி ஒளியாண்டில். சாதாரணப் படத்தில் தனித்தனியாக, சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கின்றன. 1994-ல் நியூ மெக்சிகோவின் ரேடியோ தொலைநோக்கி அணியால் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையில் வரைந்த படத்தில் அந்த இரண்டையும் என்ஜிசி 3077-ஐயும் வாயு நூல்கள் கட்டிப்போட்டிருந்தன. தட்டின் ஓரத்துக்கு வெளியே வெகுதூரம் பரந்து கிடக்கிற ஹைட்ரஜன்தான் முதலில் இழுபடும்.

எம்51-க்கு ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதில் உங்கள் பக்கம்தான் நான். விவரம் தீராத இடம் அது. ஆனால் "எத்தனை தடவை" என்று சண்டை போடுகிற நிலைக்கு வந்துவிட்டோம், "வந்ததா" என்பதில் சண்டை இல்லை.

ஜன்னலோரம்
ஏப்ரல் 18, காலை 8:00

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. எனக்கு ஒரு இடம் இடிக்கிறது. நட்சத்திரங்கள் மோதுவதில்லை, உராய்வும் இல்லை. அப்படியானால் வந்த வேகத்திலேயே துணை வெளியே போய்விட வேண்டியதுதானே? ஹோல்ம்பெர்க் பல்பிலும் வேகம் குறைந்தது என்றீர்கள். என்ஜிசி 7252-ல் இரண்டும் ஒன்றாகியே விட்டன. பிரேக் போட்டது யார்?

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 18, பகல் 1:45

சென்னை மாநிலக் கல்லூரியில் 1930-ல் படித்து முடித்து கேம்பிரிட்ஜ் கப்பல் ஏறினவர். சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர் பெயர் என்றால் வெள்ளைக்குள்ளன் (எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம்) எவ்வளவு கனம் தாங்கும் என்ற எல்லைதான் எல்லாருக்கும் நினைவு வரும். 1943-ல் அவர் எழுதிய இன்னொன்று இந்த இழைக்கு நேராகப் பொருந்துகிறது: இயக்க உராய்வு.

ஒரு கனமான பொருள் நட்சத்திரக் கடலின் வழியே போகிறது. எதையும் தொடவில்லை. ஆனால் போகிற வழியில் இருக்கிற ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிவிடுகிறது. அவை வந்து சேர்வதற்குள் அது முன்னே போய்விடுகிறது. அதனால் அதற்குப் பின்னால் நட்சத்திரங்கள் கொஞ்சம் அடர்த்தியாகக் கூடுகின்றன, அந்தக் கூட்டம் அதையே பின்னுக்கு இழுக்கிறது. இதுதான் பிரேக். கரவெட்டியான் அண்ணன் வள்ளத்துக்குப் பின்னால் எழும் அலையை நினைப்பார். ஆனால் வள்ளம் தண்ணீரை முட்டித் தள்ளுகிறது, இங்கே முட்டலே இல்லை, ஈர்ப்பு மட்டும்தான்.

சந்திரசேகர் கணக்குப் போட்டது நட்சத்திரக் கொத்துகளில் ஓடும் நட்சத்திரத்துக்கு. பின்னால் அதையே கேலக்ஸிகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். கேலக்ஸியைச் சுற்றி, தெரிகிற தட்டை விடப் பல மடங்கு பெரிய இருண்ட பொருள் கூடு (கண்ணுக்குத் தெரியாது, ஈர்ப்பால் மட்டும் தெரிய வருவது) இருக்கிறது, பிரேக்கின் பெரும்பங்கு அங்கேதான் விழுகிறது. கனம் கூடினால் பிரேக் கூடும், வேகம் கூடினால் பிரேக் குறையும். அதனால்தான் பெரிய கேலக்ஸிக் கொத்துகளுக்குள் வினாடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற கேலக்ஸிகள் ஒன்றை ஒன்று கடந்து போனாலும் ஒட்டுவதில்லை. நாலைந்து பேர் கொண்ட சின்னக் குடும்பங்களில் மெதுவாக வருகிறவைதான் ஒட்டிக்கொள்கின்றன.

புகைமண்டலம்
ஏப்ரல் 18, மாலை 5:50

இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் ஆய்வு மாணவி, என் வேலை வாயுவில். நீங்கள் எல்லாரும் நட்சத்திரத்தையே பேசுகிறீர்களே என்று வருத்தம், அதனால் உள்ளே வந்தேன்.

நட்சத்திரங்கள் இடிக்காமல் போய்விடும். வாயு மேகம் அப்படிப் போகாது. பரந்து கிடக்கிற மேகமும் மேகமும் எதிரெதிரே வந்தால் இடிக்கும், சூடாகும், அழுந்தும், வேகம் இழக்கும். மோதல் என்ற சொல் உண்மையில் பொருந்துவது இங்கே மட்டும்தான்.

இன்னொரு வழியும் உண்டு. சந்திப்பின் இழுப்பில் தட்டின் நட்சத்திரங்கள் நடுவில் ஒரு பட்டை வடிவம் எடுக்கின்றன. வாயுவும் பட்டையாகிறது, ஆனால் அது நட்சத்திரப் பட்டைக்குச் சற்று முன்னால் ஓடுகிறது. பின்னால் வருகிற நட்சத்திரப் பட்டை அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வாயுவின் கோண உந்தம், அதாவது அதைச் சுற்றவைக்கிற சுழற்சியின் அளவு, கசிகிறது. கோண உந்தம் போனால் சுற்ற முடியாது, உள்ளே விழ வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான ஒளியாண்டு பரப்பில் கிடந்த வாயு மையத்தில் சில நூறு ஒளியாண்டுக்குள் குவிகிறது. அங்கே நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

ஜன்னலோரம், நீங்கள் ஏப்ரலில் வெளியே போகிறவர் என்றால் அடுத்த தடவை அஸ்தத்தைப் பாருங்கள். அந்த நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில்தான் என்ஜிசி 4038, 4039, ஆன்டெனா கேலக்ஸிகள். வில்லியம் ஹெர்ஷல் 1785-ல் பார்த்தவை. ஹபிள் தொலைநோக்கி 1997-ல் காட்டிய படத்தில் ஆயிரத்துக்கும் மேலான இளம் நட்சத்திரக் கொத்துகள் எண்ணப்பட்டன. அதில் பல, இரண்டு தட்டுகளும் மேற்படிகிற நடுப்பகுதியில், தூசுக்குள்.

தூசு இன்னும் கூடினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆர்ப் தொகுத்த பட்டியலில் 220-வது கேலக்ஸியான ஆர்ப் 220 சாதாரண ஒளியில் மங்கலான ஒரு கறை. 1983-ல் ஏவிய ஐராஸ் செயற்கைக்கோள் அகச்சிவப்பில் பார்த்தபோது ஒரு லட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் ஒளி. உள்ளே பிறக்கிற நட்சத்திரங்களின் வெளிச்சத்தைத் தூசு விழுங்கி, வெப்பமாக வெளியே விடுகிறது. மூடி போட்ட அடுப்பு.

மீனா மேடம் சந்திரசேகரைச் சொன்னதால் ஒன்று. 1999-ல் ஏவிய சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். என்ஜிசி 6240 என்ற இணைந்துகொண்டிருக்கும் கேலக்ஸியின் நடுவே ஒன்றல்ல, இரண்டு கருந்துளைகள் வாயுவை விழுங்கிக்கொண்டிருக்கின்றன என்று 2002-ல் காட்டியது அதுதான். அந்த இரண்டையும் மையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவர் சொன்ன உராய்வு.

கரவெட்டியான்
ஏப்ரல் 18, இரவு 8:20

பக்கத்தாலை போனா வால். நேரா நடுவுக்குள்ளால போனா?

புகைமண்டலம்
ஏப்ரல் 18, இரவு 9:05

வளையம். சிற்ப மண்டலத்தில் வண்டிச்சக்கர கேலக்ஸி, 50 கோடி ஒளியாண்டு. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி 1941-ல் கண்டது, 2022 ஆகஸ்டில் ஜேம்ஸ் வெப் படம் வந்தபோது எல்லார் போனிலும் சுற்றியது. குளத்தில் கல் போட்ட மாதிரி என்று எழுதுவார்கள், எனக்கு அது பிடிக்காது. கல் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. இங்கே துணை நடுவில் புகும்போது இழுப்பு திடீரென்று கூடுவதால் நட்சத்திரங்கள் முதலில் உள்ளே சரிகின்றன. அது போய்விட்டதும் எகிறி வெளியே வருகின்றன. உள் நட்சத்திரங்கள் சீக்கிரம் திரும்பும், வெளி நட்சத்திரங்கள் தாமதமாகத் திரும்பும். அந்த நெரிசல் உள்ளிருந்து வெளியே நகர்வதுதான் வளையம். போகிற வழியெல்லாம் வாயுவை அழுத்தி நட்சத்திரம் பிறப்பித்துக்கொண்டே போகிறது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்
ஏப்ரல் 19, காலை 7:10

எல்லாம் சரி அம்மா, நம்ம பால்வீதியும் ஆண்ட்ரோமெடாவும் மோதப் போகுது என்று வாட்ஸப்பில் வருதே? பேரன் ராத்திரி தூங்க மாட்டேங்கறான்.

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 19, காலை 10:30

பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள் ஐயா. ஆண்ட்ரோமெடா நம்மை நோக்கி வருவது 1912-லேயே தெரியும். வெஸ்டோ ஸ்லைஃபர் அளந்தது வினாடிக்கு 300 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி சூரியன் பால்வீதியைச் சுற்றுகிற வேகம், அதைக் கழித்தால் சுமார் 110. ஆனால் நேரே வருகிறதா, ஓரமாகப் போகிறதா என்பது பக்கவாட்டு வேகத்தைப் பொறுத்தது. 2012-ல் ஹபிள் அளவீடு பக்கவாட்டு வேகம் மிகக் குறைவு என்றது, சுமார் 400 கோடி ஆண்டில் மோதல் நிச்சயம் என்று செய்தி பரவியது. 2025-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் டில் சவாலா குழு அளவீடுகளின் பிழை வரம்பையெல்லாம் சேர்த்து, பால்வீதியின் துணை கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தின் இழுப்பையும் கணக்கில் எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தது. அடுத்த 1000 கோடி ஆண்டுக்குள் மோத வாய்ப்பு பாதிக்குப் பாதிதான் என்று வந்தது. பேரன் பயப்பட வேண்டியது அதற்கு அல்ல. சூரியன் மெல்லச் சூடேறி இன்னும் சுமார் 100 கோடி ஆண்டில் கடலே வற்றிவிடும்.

(இதைப் பேரனிடம் சொல்ல வேண்டாம்.)

உண்மையில் மோதல் என்பதற்காகக் காத்திருக்கத் தேவையே இல்லை. 1994-ல் தனுசுப் பக்கத்தில் ஒரு குட்டி கேலக்ஸி கண்டுபிடித்தார்கள், பால்வீதி அதை இப்போதே உரித்துக்கொண்டிருக்கிறது. அதன் நட்சத்திரங்கள் வானத்தைச் சுற்றி நாடா போலக் கிடக்கின்றன. 2018-ல் கையா விண்கலத்தின் தரவில், சூரியனைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களில் ஒரு கூட்டம் முற்றிலும் வேறு மாதிரி நீளவாக்கில் போய்வருவது தெரிந்தது. 800 கோடி முதல் 1000 கோடி ஆண்டுக்கு முன் நம்மோடு கலந்த இன்னொரு கேலக்ஸியின் மிச்சம் அது. நம் தட்டே ஒட்டுப்போட்ட துணி.

சந்தேகப்பிராணி
ஏப்ரல் 19, பகல் 12:00

400 கோடியில் நிச்சயம்னு சொன்னது 13 வருஷத்தில் பாதிக்குப் பாதி ஆயிடுச்சு. நான் வேற ஒண்ணும் சொல்லலை.

மீனா_இயற்பியல்
ஏப்ரல் 19, பகல் 12:20

சொல்லாமல் சொல்லியாகிவிட்டது. சரிதான், வாங்கிக்கொள்கிறேன்.

கோடெழுதி
ஏப்ரல் 20, இரவு 12:50

புகைமண்டலம் அக்கா, ஆன்டெனாவை ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டும் சம எடை, இரண்டுக்கும் தட்டு. வால் இரண்டும் வருது, ஆனா எதிரெதிர்ப் பக்கம் நேரா நீட்டிக்கிட்டு நிக்குது. படத்தில் பூச்சியோட மீசை மாதிரி வளைஞ்சு ஒண்ணை ஒண்ணு வெட்டுதே? எனக்கு வெட்டவே மாட்டேங்குது.

புகைமண்டலம்
ஏப்ரல் 20, காலை 7:25

இரண்டு தட்டையும் சுற்றுப்பாதைத் தளத்திலேயே படுக்க வைத்திருப்பீர்கள். டூம்ரே சகோதரர்கள் இரண்டையும் 60 டிகிரி சாய்த்தார்கள். சாய்த்துவிட்டு, பார்க்கிற கோணத்தையும் திருப்புங்கள். வால்கள் நிஜத்தில் வெட்டுவதில்லை; நாம் நிற்கிற இடத்திலிருந்து அப்படித் தெரிகிறது.

கோடெழுதி
ஏப்ரல் 20, இரவு 11:30

சாய்ச்சேன். சுத்திச் சுத்தித் திருப்பினேன். ஒரு கோணத்தில் வெட்டிடுச்சு.

ஜன்னலோரம்
ஏப்ரல் 21, காலை 6:15

நேற்று ராத்திரி அஸ்தம் பார்த்தேன். வால் ஒன்றும் தெரியவில்லை, ஒரு கோணலான பஞ்சு மட்டும். அதையும் பாதியில் மேகம் மூடிவிட்டது. கோடெழுதி, அந்தப் படத்தைக் கொஞ்சம் இங்கே போடுங்கள்.